மூலம் முதலில்

நின்றுகொண்டே பேசுகிறேன் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். மூலம். சிமெண்ட் மூட்டை தூக்கிய காலத்தில் எட்டிப் பார்க்காத வியாதி, நாற்காலியில் உட்கார்ந்து கையேடு எழுத வந்ததும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கம்பெனிக் கருவி எளிமையானது. ஒரு டிஸ்கில் உள்ளதை உள்ளபடி படியெடுத்து இன்னொன்றில் இறக்கிவிடும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்ட வேண்டும்: எந்த டிஸ்கிலிருந்து, எந்த டிஸ்குக்கு. வரிசை மாறினால் காலி டிஸ்கை எடுத்து நிறைந்த டிஸ்கின் மேல் ஊற்றி, இருந்ததை அழித்துவிடும். நிச்சயமா என்றெல்லாம் கேட்காது. அதனால் கையேட்டில் எழுதியிருந்தேன்: "மூலம் முதலில், இலக்கு பிறகு."

வாடிக்கையாளர் பிரிவு அண்ணன் அதை மீட்டிங்கில் உரக்கப் படித்தார்.

"மூலம் முதல்லயாம்பா. எழுதினவன் அனுபவஸ்தன், வேற என்னத்த எழுதுவான்?"

மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "அதைக் கொஞ்சம் தெளிவாக்குப்பா" என்றார்.

தெளிவாக்கினேன். "இரண்டு டிஸ்க் பெயர்களையும் வரிசையாகக் கொடுக்கவும்." இதில் மூலமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பொய்யும் இல்லை, கவனியுங்கள்.

கொஞ்ச நாளில் அண்ணன், பழுதாகி முனகத் தொடங்கிய ஒரு பழைய டிஸ்கையும் புதிது ஒன்றையும் கொண்டுவந்தார். பழையதில் இறந்துபோன அவர் மகளின் வீடியோக்கள். வேறெங்கும் நகல் கிடையாது. எனக்கும் ஒன்றைக் காட்டியிருக்கிறார்: முன்பல் விழுந்த வாயோடு அப்பாவின் வழுக்கையைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுவாள். நன்றாகவே பாடியது பிள்ளை.

"தம்பி, பழசு முதல்லயா, புதுசா?"

"கையேட்டுல இருக்குண்ணே."

"வரிசையான்னுதான் போட்டிருக்கு."

"அப்ப வரிசையாக் கொடுங்க."

"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே தட்டினார். புதியது முதலில். எண்டர் கீயின் மேல் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்தேன். வேலை முடிந்ததாகத் திரை சொன்னதும் என் தோளைத் தட்டி நன்றி சொன்னார். பிறகுதான் இரண்டு டிஸ்கையும் திறந்து பார்த்தார்.

தன் கைதான் தவறிவிட்டது என்கிறார் இன்றுவரை. விசாரிக்கிற உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வயதில் பெரியவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. என் வரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் காட்டுங்கள், திருத்திவிடுகிறேன்.

பாக்கி என்று பார்த்தால், கேட்ட கேள்விக்கு அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி. பழசு முதலில்.