ஆ குழு, ஏழாம் இலக்கம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், சேர். கடதாசிகள் பறக்கின்றன. விசாரணைக்கென்று நீங்கள் கேட்ட கொப்பிகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். குலைந்தால் பிறகு உங்களுக்குத்தான் தலையிடி.

நான் இருபது வருடமாக நடன ஆசிரியை. புளியந்தீவில் பஸ் பிடித்து, குருமண்வெளியில் இறங்கி, பாதைப் படகில் ஏறி, மோட்டார்சைக்கிள்களுக்கும் நெல்மூட்டைகளுக்கும் நடுவில் நின்றபடி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் பள்ளிக்குப் போகிறவள். மழையென்றும் வெள்ளமென்றும் லீவு போட்டவள் இல்லை. அதை நீங்கள் வரவுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பதினாறு வருடமும் என்னைப் படிப்பித்தவர்கள் படிப்பித்தது போலத்தான் நானும் படிப்பித்தேன். கையில் தட்டுக்கழி. பலகையில் தாளம் தட்டுவேன், பிள்ளை பிழைவிட்டால் அதே கழியால் அவளுடைய கணுக்காலிலும் ஒரு தட்டு. வராத பிள்ளையை மரக்கட்டை என்பேன். அப்போது என்மேல் ஒரு முறைப்பாடும் வரவில்லை. பெற்றோர் வந்து, இன்னும் நாலு போடுங்க ரீச்சர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறகு கல்வியியலில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். அங்கேதான் பல்வகை நுண்மதி பற்றிப் படித்தேன். அறிவு என்பது ஒன்றல்ல. சொல்லால் அறிகிற பிள்ளை உண்டு, எண்ணால் அறிகிற பிள்ளை உண்டு, கண்ணால், காதால், உடம்பால், கூட இருக்கிறவர்களால் அறிகிற பிள்ளைகள் உண்டு. படிக்கும் முறையைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தால் வராத பிள்ளையே இல்லை. அந்தப் பக்கங்களைப் பாதைப் படகில் நின்றுகொண்டுதான் வாசித்தேன். மரக்கட்டை என்று நான் சொன்ன பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர, கண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற மனிசன் தூசி விழுந்திட்டுதா என்று கேட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. தாளமே பிடிபடாத ஒரு பிள்ளைக்கு அடவைக் கணக்காக எழுதிக் காட்டினேன், மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்திக்குச் சீமெந்து நிலத்தில் சுண்ணக்கட்டியால் பாதம் வரைந்து கொடுத்தேன். வாய் திறக்காத ஒரு பிள்ளையைக் கூட்டாளியோடு சேர்த்து ஆடவிட்டேன், சிரித்துக்கொண்டே ஆடினாள். இதை ஆய்வாகச் செய்து நிரூபித்தால் மாவட்டத்தில் உள்ள நடனப் பிள்ளைகள் எல்லாருக்கும் விடிவு வரும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆய்வென்றால் ஒப்பிடுவதற்கு ஒரு குழு வேண்டும். ஏழாம் தரத்தில் முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள். பதினாறு பேர் அ குழு, புதிய முறை. பதினாறு பேர் ஆ குழு. என் மேற்பார்வையாளர், ஆ குழுவுக்கு நீங்கள் வழமையாகச் செய்வதையே செய்யுங்கள் என்றார். வழமையாக நான் ஒவ்வொரு பிள்ளையையும் திருத்துவேன். ஆனால் தனித்தனியாகத் திருத்துவதும் ஒருவகையில் பிள்ளைக்கு ஏற்றபடி படிப்பிப்பதுதானே? அதை விட்டுவைத்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. ஆகவே ஆ குழுவில் திருத்தத்தை எடுத்துவிட்டேன். நான் முன்னால் ஆடுவேன், அவர்கள் பார்த்து ஆடுவார்கள், அவ்வளவுதான். இதை மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தலைக்குமேல் வேலை.

கஜானி வல்லிபுரத்தின் மகள். வல்லிபுரம் வாவியில் இறால் பிடிக்கிறவர், தாய் சீதேவிப்பிள்ளை ஊரில் பாய் இழைக்கிறவ. என் இருபது வருடத்தில் அப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. ஒருமுறை ஆடிக் காட்டினால் போதும், சொற்கட்டும் காலும் சேர்ந்து அவள் உடம்புக்குள் போய்விடும். குலுக்கிப் போட்ட சீட்டில் அவள் அ குழுவுக்குத்தான் விழுந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். இவள் அ குழுவில் இருந்தால், புதிய முறையால் வந்த முன்னேற்றமா, இவளால் வந்த முன்னேற்றமா என்று பரீட்சகர்கள் கேட்பார்கள். அவளை ஆ குழுவுக்கு மாற்றி, அங்கிருந்த ஒரு பிள்ளையை அ குழுவில் போட்டேன். ஏழாம் இலக்கம்.

அரைமண்டி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாதங்களை இரண்டு பக்கமும் திருப்பிவைத்து, முழங்காலை மடித்துப் பாதி குந்தியபடி நிற்பது. பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ முழங்காலும் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். கஜானிக்குப் பாதம் நன்றாகத் திரும்பும். வலது முழங்கால் மட்டும் உள்ளே விழும். மூன்றாவது வாரமே கண்டுவிட்டேன். அந்த நிலையில் சீமெந்தில் ஓங்கித் தட்டினால் தட்டு ஒவ்வொன்றும் முழங்கால் சில்லைத்தான் போய் முறுக்கும். நடனம் படித்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அதற்கு வைத்தியம் ஒரே ஒரு வசனம். முழங்காலை வெளியே தள்ளு, மனே. இதை நான் வாழ்க்கையில் பத்தாயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதே பின்னேரம் அ குழுவில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆ குழுவில் அது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் ஆய்வு கெட்டுவிடும். பேசாமல் அவதானக் கொப்பியில் குறித்தேன்: ஆ ஏழு, வலது முழங்கால் உள்நோக்கி. பத்து மாதத்தில் முப்பத்தொரு இடத்தில் அதைக் குறித்திருக்கிறேன். பச்சை மட்டைக் கொப்பி. பள்ளி நடந்த ஒரு வாரமும் தவறவிடவில்லை.

அவள் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. தன் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் யன்னலடியில் நின்று அ குழுவைப் பார்ப்பாள். நான் மற்றப் பிள்ளைகளின் முழங்காலைப் பிடித்துத் திருத்துவதைப் பார்த்து, தானே வெளியில் மணலில் நின்று செய்து பார்த்திருக்கிறாள். ஐந்தாம் மாதம் ஒரு கிழமை அவளுடைய முழங்கால் ஓரளவு நேராக வந்தது. எனக்கு எப்படி என்று விளங்கவில்லை. விளங்கியதும் யன்னலைச் சாத்தினேன். ஒரு குழுவில் படிப்பிப்பது மற்றக் குழுவுக்குக் கசியக் கூடாது, அது ஆய்வு முறையின் அடிப்படை. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை, பிள்ளைகள் வேர்த்து ஒழுகினார்கள். நானும்தான். இரண்டு கிழமையில் அவளுடைய முழங்கால் பழையபடி உள்ளே விழுந்தது.

வலி பற்றிக் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளைகளின் உடல்நலத்தை நான் கவனிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு படிவம் நிரப்பினார்கள். இந்தியாவில் தயாரித்த, தரப்படுத்தப்பட்ட படிவம். அதில் நாலாவது கேள்வி: ஆடியபின் உங்களுக்கு வலி வருகிறதா? கஜானி ஒவ்வொரு வெள்ளியும் இல்லை என்றுதான் எழுதினாள்.

ஏழாம் மாதம் ஒருநாள் மற்றவர்கள் போனபின் வந்து நின்றாள்.

“என்ன மனே?”

“முழங்கால் நோகுது ரீச்சர். ராவையில நித்திர வருகுதில்ல.”

நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். “இதில வலி இல்ல எண்டுதானே எழுதியிருக்காய்?”

அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஓம் ரீச்சர். வலி எங்கட சின்னம்மாக்குத்தான் வாற. விழுந்து, வாயால நுரை தள்ளும். எனக்கு ஒருநாளும் வலி வந்தயில்ல.”

நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான், சேர், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் நோவுக்கு நோ என்றுதான் சொல்வோம். வலி வருகிறது என்றால் காக்கைவலிப்பு. படிவத்தை எழுதியவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பிள்ளை பொய் எழுதவில்லை. கேட்ட கேள்விக்குச் சத்தியமான பதிலைத்தான் பத்து மாதமும் எழுதினாள்.

நான் அந்தக் கேள்வியை மாற்றியிருக்கலாம். வலி என்பதை வெட்டிவிட்டு நோ என்று எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் தரப்படுத்திய படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் அது வேறு படிவமாகிவிடும், அதுவரை சேர்த்த பதில்கள் எல்லாம் வீண். என்னுடைய நிலைமையையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அவளுக்குச் சூடு தண்ணீர் ஒத்தடம் போடச் சொன்னேன். அந்தக் கிழமைக் கணக்கில், ஆ ஏழு, வலி: இல்லை என்று பதிந்தேன்.

கார்த்திகை மாதம் இறுதிச் சோதனை. வெளியிலிருந்து இரண்டு நடன ஆசிரியைகள் புள்ளி போட வந்திருந்தார்கள். ஆ குழுவில் ஆறு பேர் ஆடி முடிந்தது. கஜானி வந்து, மிதிக்கப் போகிறேன் பொறுத்துக்கொள் என்று வழக்கம்போல நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். தொடங்கி ஒரு நிமிடம் இருக்கும். முழுதாகக் குந்தி எழும்பிப் பாய்கிற இடத்தில் சில்லு விலகிவிட்டது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் விழுந்த இடத்தில் இருந்தபடி தாளத்துக்குக் கையை மட்டும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் ரீச்சருக்குப் புள்ளி குறையும் என்று பயந்தாளாம். பிறகு தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் றமீஸா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டா. “இது இண்டைக்கு வந்த கேடு இல்ல ரீச்சர். மாசக் கணக்காத் தேஞ்சு போயிருக்கு. ஆடக்குள்ள ஆரும் பாக்கல்லியா?”

பார்த்தேன் என்று சொன்னேன். அவள் விழுந்ததைப் பார்த்தேன் என்று டொக்டர் விளங்கிக்கொண்டா போல, என் தோளில் கைவைத்து, கவலைப்படாதீங்க என்றா. நான் திருத்தவில்லை.

ஒப்பரேஷன் என்று இரண்டு தடவை முழங்காலை வெட்டினார்கள். கால் இனி முழுதாக மடங்காது. நிலத்தில் குந்தி இருக்க முடியாது, படியேற ஆள் வேண்டும். ஆட்டம் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. சீதேவிப்பிள்ளை என்மேல் கோபப்படவே இல்லை. மகளுடைய வலது காலைத் தடவிக்கொண்டு, “நீங்க ஒரு சொல்லுச் சொன்னா அவள் கேப்பாளே ரீச்சர். நீங்க சொல்லி என்னத்த அவள் கேக்காம விட்ட?” என்று மட்டும் கேட்டா. உண்மையில் அழுதேன், சேர்.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம். நானாகவே சொல்கிறேன், கொப்பியில் எப்படியும் காண்பீர்கள்.

சோதனையை முடிக்காத பிள்ளையை ஆய்விலிருந்து நீக்கிவிடுவதுதான் வழக்கம். கஜானியை நீக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். இரண்டு குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. மூன்று தரம் பார்த்தேன், வரவில்லை. ஆ குழுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தாங்களாகவே நன்றாகப் படித்திருந்தார்கள். பிறகு கஜானியைத் திரும்பச் சேர்த்து, அவளுக்குப் பூச்சியம் போட்டேன். வித்தியாசம் வந்தது. ஒரு மயிரிழையில் வந்தது. பிள்ளைக்கு ஏற்றபடி படிப்பித்தால் பிள்ளை முன்னேறும் என்பதை நான் அந்தப் பூச்சியத்தை வைத்துத்தான் நிரூபித்தேன். ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றியுரையில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது.

முறையாக எடுத்தால் என் குற்றம் ஒன்றுதான், பேசாமல் இருந்தது. ஆய்வு நடக்கும்போது வாயைத் திறக்க எனக்கு அனுமதி இருக்கவில்லை. ஆய்வு என்னைக் கட்டிப்போட்டிருந்தது. இதுதான் என் வாக்குமூலம், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போன கிழமை அவளைப் பார்க்கப் போனேன். ஆய்வு முடிந்து ஆறு மாதம். என்னைக் கண்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல். கதிரையில் இருத்தியிருந்தார்கள், வலது கால் முன்னால் நீட்டியபடி. பாருங்க ரீச்சர், கை மட்டும் பழகுறன் என்று சொல்லி ஆடிக் காட்டினாள். முழங்கை இரண்டும் தொங்கிப் போய், தோள் மேலே ஏறியிருந்தது. இப்படியே பழகினால் ஒரு வருடத்தில் கழுத்தும் போய்விடும். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கொப்பி கொண்டுபோகவில்லை, குழு இல்லை, கணக்கு இல்லை.

“சரியா ரீச்சர்?” என்று கேட்டாள்.

“நல்லாயிருக்கு மனே,” என்றேன். “இப்படியே செய்.”