பெரியவருக்கு வயித்துல எதுவும் தங்கறதில்ல

பெரியவர் மறுபடியும் கக்கி வச்சிட்டார் சார்! வாய நல்லாத் தொறங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே இருங்க. அதுவும் எங்க கக்கினார்ங்கறீங்க? தரையில இல்ல. வீடு பூரா தரைதானே கெடக்கு, ஒரு தொட தொடச்சா போச்சு. அங்கெல்லாம் மாட்டார். நான் தேய்ச்சு மடிச்சு நாற்காலி மேல வச்சிருந்த வெள்ளக் கோட்டு மேல ஏறி, நாலு சுத்து சுத்தி, வசதியா எடம் பாத்து, உவ்வேக்! இப்ப நான் போட்டிருக்கறது நர்ஸம்மாவோட கோட்டு. பொத்தான் போட்டா மூச்சு விட முடியல, மூச்சு விட்டா பொத்தான் நிக்கல.

ஏன் கண்ண அப்படி விரிக்கறீங்க? ஓ... பெரியவர்னதும் எங்க மாமனார்னு நெனச்சுட்டீங்களா? ஐயய்யோ! அவர் பாட்டுக்கு அவர் பேப்பரப் படிச்சுக்கிட்டு ஒரு ஓரமா இருக்கார். இவர் பூனை சார். பூனை! எங்க வீட்டுக்காரர் வச்ச பேரு. சோபாவுல நல்ல எடம் அவருக்கு, ஜன்னல் வெயில் அவருக்கு, மிச்சம் இருந்தா நமக்கு. அப்புறம் பெரியவர்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடறது?

நர்ஸம்மா சீட்டப் பாத்து ‘இடது கீழ’ன்னு சொன்னாங்க, ஊசி போட்டாச்சு. மரத்துப் போக ஒரு பத்து நிமிஷம் ஆகும். வாய மூடிடாதீங்க, பஞ்சு நகந்துடும். இந்தக் குழாய் எச்சில் உறிஞ்சற குழாய், அது கொளகொளன்னு கத்திக்கிட்டுதான் இருக்கும், பயப்படாதீங்க.

என்ன, கையத் தூக்கறீங்க? வயசக் கேக்கறீங்களா? எட்டு முடிஞ்சு ஒம்போது நடக்குது. ஆனா செய்யற காரியத்துக்கு எம்பதுன்னு சொல்லலாம்.

இது ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு சார். காலையில தட்டுல அந்த உருண்டத் தீனியப் போடுவேன். காஞ்ச தீனி, பாத்திருப்பீங்களே, பட்டாணி சைஸுக்கு, மொறுமொறுன்னு. என்னமோ பத்து நாள் பட்டினி கெடந்தவர் மாதிரி லபக் லபக்னு உள்ள தள்ளுவார். தள்ளிட்டு நேரா கூடத்துக்கு நடையக் கட்டுவார். நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... அம்பது எண்ணறதுக்குள்ள உவ்வேக்! போட்ட உருண்ட போட்ட மாதிரியே வெளிய வந்துடும். கழுவி மறுபடி பாக்கெட்ல போட்டா கடைக்காரனுக்கே வித்தியாசம் தெரியாது.

நான் என்ன செய்யல சொல்லுங்க? மீன் வாசன உருண்ட வாங்கினேன். கோழி வாசன உருண்ட வாங்கினேன். ‘மென்மையான வயிற்றுக்கு’ன்னு எழுதி, அட்டையில ஒரு பூனை சிரிச்சுக்கிட்டு இருக்குமே, அதையும் வாங்கினேன். அந்த அட்டப் பூனை சிரிக்கும் சார். ஏன் சிரிக்காது? அதுவா சாப்பிடுது? தட்டு தரையில இருந்தா குனிஞ்சு சாப்பிட்டு எதுக்களிக்குமாம், ஒசரத்துல வைக்கணுமாம், எவனோ செல்போன்ல சொன்னான். என் காலேஜ் புஸ்தகம் ஒண்ணு இருக்கு, பல் நோய்களப் பத்தி, இந்தத் தண்டி. அத அடியில வச்சு மேல தட்ட வச்சேன். அஞ்சு வருஷம் நான் அந்தப் புஸ்தகத்துல தல வச்சுப் படிச்சேன், இப்ப அவர் அது மேல கக்கறார்.

எங்க வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். மனுஷன் ஒரு துணிய எடுத்துத் தொடப்போம்னு இல்ல. எந்த நாள், எத்தன மணி, எத்தன தடவன்னு கோடு போட்டு ஒரு வரைபடம் வரைஞ்சு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கார். ‘புதன்கிழமயில கூடுதலா இருக்கு பாரு’ங்கறார். பூனைக்குத் தெரியுமா சார் புதன்கிழம எதுன்னு? அதுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதானே!

மறுபடியும் கையா? கன்னத்தக் காட்டறீங்க... ஆமா ஆமா, கன்னம் ரெண்டும் உப்பலாத்தான் இருந்துது. நல்ல வளத்தி. இப்பதான் கொஞ்சம் ஒட்டிப் போச்சு. கைய எறக்குங்க, ட்ரேயில பட்டுடும்.

எங்க மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘தண்ணியில ஊற வச்சு, கொழகொழன்னு பெசஞ்சு குடேன்’னாங்க. வந்ததே கோவம் எனக்கு! நான் யாரு? பல் டாக்டர். என் வீட்டுலயே, என் கண்ணு முன்னாடியே, ஒரு ஜீவன் கொழகொழன்னு சாப்பிடறதா? பல்லுல பசையா ஒட்டிக்குமே! கடக் மொடக்னு கடிச்சு மென்னாதான் பல்லு சுத்தமாகும். இங்க வர்றவங்க அத்தன பேருக்கும் வாய் வலிக்க இததானே சொல்றேன்? ‘அத்த, அந்தப் பூனை வாயில ஈரத் தீனி போகணும்னா என்னத் தாண்டித்தான் போகணும்’னு சொல்லிட்டேன். அவங்க அதுக்கப்புறம் பேசல. பேசலன்னா என்ன, மூஞ்சியே பேசுச்சு.

மாட்டு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதான்னு கேக்கறீங்க, அதானே? ரெண்டு கையையும் ஆட்டறீங்களே, புரியுது. எல்லாரும் கேட்டாங்க. நானும் ஒரு டாக்டர் சார்! அங்க போயி ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, கூண்டுக்கிளி வரிசையில ஒக்காந்து, ‘என் பூனைக்கு என்னாச்சு டாக்டர்’னு நான் கேக்கறதா? அவர் என்னப் பாத்து, ‘நீங்க என்ன பண்றீங்க மேடம்’னு கேப்பார். நான் என்னன்னு சொல்றது? வயித்துக் கோளாறு, தானா சரியாகும்னு விட்டுட்டேன்.

சரியாகல. போன வாரம் எங்க வீட்டுக்காரர் திருத்தி வச்சிருந்த பரீட்சப் பேப்பர் கட்டு மேல கக்கிட்டார். நாப்பது பிள்ளைங்க பேப்பர். மனுஷன் அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசாதவர், அன்னிக்குப் பேசினார். ‘ஒண்ணு பூனை, இல்ல நான்’னார். நான் கொஞ்ச நேரம் யோசிச்சேன் பாருங்க, அதுதான் அவருக்குத் தாங்கல. ஒடனே தங்கச்சிக்குப் போன் போட்டுட்டார்.

என் நாத்தனார். பஸ் கண்டக்டர். பத்தாவதோட படிப்பு முடிஞ்சுது, ஆனா பேச்சு முடியல. எதக் குடுத்தாலும் டிக்கெட்ட வாங்கிப் பாக்கற மாதிரி முன்னாடி பின்னாடி திருப்பிப் பாப்பா. எங்க வீட்டுக்கு வந்தா தம்ளரத் தூக்கி அடியப் பாப்பா, கதவ இழுத்துக் கீலப் பாப்பா. ‘அண்ணி, இத நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வளக்கற லட்சணம் தெரியுதே’ன்னா. இன்னிக்கு நாலு மணிக்கு ட்யூட்டி முடிஞ்சு கூடையோட வர்றா. மணி என்ன இப்ப? மூணு அம்பது. சரி சரி.

போகட்டும் சார், எனக்கென்ன? நிம்மதி. கோட்டு சுத்தமா இருக்கும். பரீட்சப் பேப்பர் பத்திரமா இருக்கும். கூடத்துல கால வச்சா ஈரம் தட்டாது. போகட்டும்... மூணு அம்பத்தொண்ணு.

எழுந்துக்காதீங்க! ஒக்காருங்க. நாக்கு தடிச்ச மாதிரி இருக்கா? ஒதடு இருக்கறதே தெரியலையா? நல்லது, மருந்து வேல செய்யுது. நர்ஸம்மா, அந்தச் சீட்ட இப்படிக் குடுங்க. ‘இடது கீழ் கடைவாய்.’ சரி. ‘மூன்று மாதமாக வலி.’ மூணு மாசமா! நல்லாப் பொறுத்தீங்க போங்க. ‘வயிற்று டாக்டர் அனுப்பியது.’ வயித்து டாக்டரா? அவர் எதுக்கு உங்கள இங்க அனுப்பறார்? ‘உணவு செரிக்காமல் வாந்தி...’ இருங்க இருங்க. சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளிய வந்துடுதாம். வயித்துல கேமரா விட்டுப் பாத்தாங்களாம், ஒண்ணும் இல்லையாம். மருந்து மாத்திப் பாத்தாங்களாம், கேக்கலையாம்.

இதுக்கெல்லாம் கேமராவா சார்? கேக்கவே சிரிப்பா வருது! பல்லு வலிக்குது. மெல்ல முடியல. ஆனா பசி விடுதா? விடல. அப்ப என்ன பண்ணுவீங்க, மெல்லாம லபக் லபக்னு முழுங்குவீங்க. முழுசா உள்ள போனது முழுசாத்தானே வெளிய வரும்? ரெண்டு வெரலால ஒதட்டத் தூக்கிப் பாத்தாத் தெரியற விஷயம். வாயப் பாக்காம வயித்தக் குத்தம் சொல்லிக்கிட்டு, மூணு மாசம் மருந்த மாத்தி மாத்தி... அந்த டாக்டருக்கெல்லாம் யார் சார் பட்டம் குடுத்தது? கண்ணு எங்க வச்சிருக்கார்? லபக் லபக்னு முழுங்கினா முழுசாத்தான்...

முழுசாத்தான்...

சார்.

போட்ட உருண்ட போட்ட மாதிரியே வருது சார்.

நர்ஸம்மா! போன்! என் கை கிளவுசுல இருக்கு, நீங்களே போட்டுக் காதுல வைங்க. வீட்டுக்கு. சீக்கிரம்! சார், ஒரு நிமிஷம், அப்படியே இருங்க, வாய மூடாதீங்க.

அத்த? நான்தான். பூனையக் குடுத்துடாதீங்க. என்னது? மூணரைக்கே வந்துட்டாளா? ட்யூட்டி சீக்கிரம் முடிஞ்சுதாமா? போயாச்சா! நர்ஸம்மா, வைங்க. அவளுக்குப் போடுங்க. ‘நாத்தனார்’னு இருக்காது. ‘எடுக்காதே’ன்னு போட்டு வச்சிருப்பேன். ஆங், அதுதான்.

ஹலோ? நான் அண்ணி பேசறேன். எங்க இருக்க? பூனை எப்படி... என்னது?

எப்ப பாத்த?

கூடையில வைக்கறதுக்கு முன்னாடியேவா...

எந்தப் பக்கம்? கீழயா? ரெண்டா? ஈறு செவந்து வீங்கியிருக்கா? வாட வருதா?... ம். ம்... சரி. மாட்டு டாக்டர்கிட்டதான் போயிக்கிட்டிருக்கியா? அவர்கிட்டயே காட்டு. நல்ல டாக்டர்தான்னு சொல்லுவாங்க. மயக்க மருந்து பாத்துக் குடுக்கச் சொல்லு, எட்டு வயசு முடிஞ்சுதுன்னு சொல்லு. எடுத்தப்புறம் ஈரத் தீனிதான் குடுக்கணும். ஆமா, நான்தான் சொல்றேன். ஆமா, ஈரத் தீனி! எத்தன தடவ சொல்ல வைப்ப? அப்புறம்... எப்ப திருப்பிக் கொண்டு வந்து விடுவ?

சரி.

இல்ல, புரியுது. சரி.

வைங்க நர்ஸம்மா.

அஞ்சு நிமிஷம் சார். எங்க வீட்டுக்குள்ள வந்து அஞ்சு நிமிஷத்துல, வழக்கம் போல எல்லாத்தையும் திருப்பிப் பாக்கற மாதிரி, அதோட ஒதட்டயும் தூக்கிப் பாத்திருக்கா. கீழ ரெண்டு கடைவாய்ப் பல்லும் போச்சாம். ‘அண்ணி, ஊர்ல இருக்கறவன் வாயெல்லாம் தொறந்து பாக்கறீங்களே, ஒரு நாளாவது இது வாயத் தொறந்து பாக்கத் தோணலையா’ன்னு கேக்கறா. இருவது வருஷமா இதே தொழில். பல்லுக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லி, பல்லு கெட்ட ஜீவனுக்குக் கல்லாட்டம் தீனியப் போட்டிருக்கேன். போட்டுட்டு, முழுங்கிட்டுக் கக்கறியேன்னு திட்டியும் இருக்கேன். ஆறு மாசம்! எவ்வளவு வலிச்சிருக்கும் சார் அதுக்கு. எனக்கு வெக்கமா இருக்கு.

திருப்பித் தர மாட்டாளாம். ‘பாக்கலாம் அண்ணி’ன்னா. பஸ்ல பாக்கி சில்லற கேட்டா சொல்லுவாங்களே, அந்த ‘பாக்கலாம்’. கேக்கறதுக்கு எனக்கும் வாய் இல்ல.

நிம்மதின்னு சொன்னேனே, பொய் சார். நான் வீட்டுக்குள்ள நொழஞ்சு செருப்பக் கழட்டறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் பேப்பர் கட்டத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடுவார். மாமனாருக்குக் காது கேக்காது, கேக்கற அன்னிக்கும் கேக்காது. மாமியார் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அது ஒண்ணுதான் சார், நான் பேசப் பேச ஒக்காந்து கேக்கும். எழுந்து போகாது. முழுசும் கேட்டுட்டு அப்புறம்தான் கக்கும்.

சரி, போச்சு. புத்தி வந்துதே, அது போதும். இனிமே யாரா இருந்தாலும் மொதல்ல வாயப் பாக்கறது, அப்புறம்தான் பேச்சு. வாங்க, உங்களப் பாப்போம். பத்து நிமிஷத்துக்கு மேலயே ஆச்சு, நல்லா மரத்திருக்கும். நர்ஸம்மா, கண்ணாடி. லைட்ட கொஞ்சம் எறக்குங்க. இடது... கீழ... கடைசி...

இது நல்லாத்தானே இருக்கு? முத்து மாதிரி இருக்கே! தட்டிப் பாத்தா...

என்ன சார், எதுக்கு இப்படிக் கையப் பிடிக்கறீங்க? என்ன காட்டறீங்க? இந்தப் பக்கமா? வலதா? ஐயோ, ஆமா, கன்னமே வீங்கியிருக்கே! நர்ஸம்மா, ‘இடது’ன்னு எழுதியிருக்கீங்களே! மேசைக்கு எதிர்ல நின்னவர் கன்னத்தக் காட்ட, நீங்க ஒக்காந்த எடத்துலேருந்து உங்க கைப் பக்கம் எதுன்னு பாத்து எழுதிட்டீங்களா? எத்தன தடவ சொல்லியிருக்கேன், அவங்க இடதுதான் நமக்கும் இடதுன்னு!

ஊசிய நல்ல பக்கத்துல போட்டு வச்சிருக்கேனே... ஏன் சார், அவங்கதான் தப்பா எழுதினாங்க, நான்தான் பாக்கல, உங்களுக்கு என்ன வந்துது? இவ்வளவு நேரமா இங்கயேதானே ஒக்காந்திருக்கீங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?