வெள்ளை வளைய மரம் விழுந்த காலை

என் அடையாள அட்டையில் வயது எழுபத்து நான்கு என்று போட்டிருக்கிறது, கூடவும் இருக்கலாம். மர ஆலைக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கடைசி வீட்டில், மனைவி, மகன், மகள், மருமகனோடு குடியிருக்கிறேன். வெட்டுக் குழுவில் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதனால் என்னைச் சாய்வுத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தெரியும். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை.

எங்கள் பகுதி வனவர் அம்மா, வெட்டக் கூடாத மரத்தைக் காசுக்கு ஆசைப்பட்டு வெட்ட வைத்தார் என்றும், அப்படி வெட்டும்போது அடிபட்ட என் மகனைக் காட்டிப் பிறகு ஒரு கதை கட்டினார் என்றும் புகார் இருப்பதாக விசாரணை அதிகாரி எனக்கு விளக்கினார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதும், அந்த மரம் விழுந்தது முன்னா, என் மகன் மாட்டிக்கொண்டது முன்னா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது என்பதும் எனக்குப் புரிகிறது.

என் இளமையில் நாடு முழுக்கவே மொட்டை வெட்டுத்தான். ஒரு சரிவில் ஏறினால் நிற்பது எதையும் விடாமல் சாய்த்துவிட்டுத்தான் இறங்குவோம். ஆலை மூன்று வேளையும் ஓடியது. அதன் பிறகு மழைக்கு மண் சரிந்து, குடியிருப்புக் குழாயில் தண்ணீர் சேறாக வந்தது. ஒரு மரம் விழுந்தால் மற்றொன்றில் மாட்டிக்கொண்டு தொங்குவது அப்போதும் உண்டு. தாங்குகிற மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவோம், அதோடு தீர்ந்தது. அதன் பிறகு அரசாங்கம் வெட்டைப் பாதியாக்கியது, அதையும் குறைத்தது. நாட்டில் வெட்டப்படும் மரம் இந்த வருடமும் குறைவு என்று டீக்கடை ரேடியோவில் வருடா வருடம் கேட்டிருக்கிறேன். இப்போது ஆலைக்கு வருவதில் பெரும் பகுதி நட்டு வளர்த்த தோப்பு மரம். காட்டில் பொறுக்கி எடுத்துத்தான் வெட்டலாம். விதை கொடுக்கும் தாய் மரங்களுக்கு மார்பு உயரத்தில் ஒரு வெள்ளை வளையமும், வெட்டினாலும் அடிக்கட்டையில் தெரியும்படி தரையை ஒட்டி இன்னொரு வளையமும் அடித்திருப்பார்கள். அதில் கை வைத்தால் குழுவின் அனுமதி போய்விடும். இந்த விதியை நான் குறை சொல்ல வரவில்லை. இன்றைக்கு என் வீட்டுக் குழாயில் தெளிந்த தண்ணீர் வருகிறது, அதற்கு நான் நன்றி உள்ளவன். ஆனால் தொங்குகிற மரத்தைத் தாங்குவது வெள்ளை வளையமாக இருந்தால் அதைத் தொட முடியாது என்பதால், தொங்குவதன் அடிக்கே போய்த் துண்டு துண்டாக அறுத்து இறக்கும் பழக்கம் எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது. அப்படிச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் சொன்னதில்லை, நாங்களாகவே பழகிக்கொண்டோம்.

சம்பவத்தன்று காலை நானும், மேஸ்திரியும், என் மகனும், மிஷின் வாள் பிடிக்கும் என் மருமகனும் மேல் சரிவுக்குப் போனோம். அனுமதி கொடுத்திருந்த ஒரு மரத்தை அறுத்தோம். விழுந்துகொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, அது பக்கத்திலிருந்த வெள்ளை வளைய மரத்தின் கவட்டில் தலையை மாட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது. அந்த வெள்ளை வளைய மரம் அப்போது முழுசாக நின்றுகொண்டிருந்தது. இதை நான் இரண்டு முறை சொன்னதாகவே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மேஸ்திரி இழுவை டிராக்டர் வரட்டும் என்றார். டிராக்டர் கீழ் முகாமில் பழுதாகி நின்றது. என் மகன், அடியில் ஒரு துண்டு போட்டால் தானாக இறங்கிவிடும் என்று வாளோடு உள்ளே போனான். நான் வேண்டாமென்றேன், அவன் கேட்கவில்லை. முதல் துண்டு அறுந்ததும் அடிப்பக்கம் வழுக்கி வந்து அவன் வலது தொடையைத் தரையோடு அழுத்திக்கொண்டது. தலை மேலே கவட்டில் மாட்டியபடியே இருந்ததால், வெள்ளை வளைய மரம் காற்றில் ஆடும்போதெல்லாம் இங்கே அடிமரம் அவன் தொடை மேல் அரைத்தது. கடப்பாறை போட்டு நெம்பிப் பார்த்தோம், அசையவில்லை.

சுற்று வந்துகொண்டிருந்த வனவர் அம்மா எங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வந்ததும் தன் சீருடை பெல்ட்டைக் கழற்றி என் மகன் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். அதன் பிறகு எழுந்து, தொங்கிய மரத்தையும், அதன் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், மரத்தின் நடு உடம்புக்குக் கீழே கிடந்த பாறையையும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், “பெரியவரே, தலை கீழே இறங்கினா இந்தப் பாறை மேல உக்காந்து அடி தூக்குமா?” என்று கேட்டார். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் பலகை மாதிரி தூக்கும், ஆனால் தாங்குகிற மரத்தை எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால்தான் தலை இறங்கும் என்றேன்.

அவர் அந்த மரத்தைப் பார்த்தார். அதற்கு வளையம் அடித்தது அவரேதான், பெயிண்ட் டப்பாவை அன்று நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். கவட்டில் பறவைக் கூடு இருக்கிறது, விதை பறிக்கக்கூட ஏணி வைக்க வேண்டாம் என்று அன்று சொல்லியிருந்தார். இப்போது என் மருமகனைப் பார்த்து, “வெட்டுங்க” என்றார்.

மருமகன் வாளைப் பிடித்தபடியே நின்றான். அனுமதி போய்விடும் என்று மேஸ்திரி மெல்லச் சொன்னார். அதற்கு அம்மா, “போறது என் வேலை. நான் சொல்லித்தான் வெட்டுனீங்க. நேரம் போகுது, வெட்டுங்க” என்றார்.

அப்போதும் மருமகன் வாளை முடுக்கவில்லை. கீழே கிடந்த என் மகன் தலையைத் தூக்கி, “மச்சான், உன் அறுப்பு பொறந்ததுல இருந்தே கோணல். இன்னைக்கு ஒரு நாள் நேரா அறுடா, எங்கக்காகிட்ட உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்றேன்” என்றான். மருமகன், “வாய மூடிட்டு கெட, உன்னத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு எடத்துல கீழ போடுறேன்” என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போய் வாளை முடுக்கினான். மரம் சாய வேண்டிய பக்கம் முதலில் போடும் வெட்டை வாய் என்போம், அதை எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று நான் கை காட்டினேன். அம்மா என் மகன் தலைமாட்டில் மண்டியிட்டு, அவன் முகத்துக்கு மேல் தன் முதுகைக் கொடுத்துக் குனிந்துகொண்டார். விலகி வரும்படி மேஸ்திரி கத்தினார், அவர் விலகவில்லை.

வெள்ளை வளைய மரம் எதிர்ப்பக்கம் விழுந்தது. மாட்டியிருந்த தலை இறங்கியது. அந்த மரத்தின் உடம்பு பாறையில் உட்கார்ந்து அடிப்பக்கம் எழும்பியது. அம்மாவும் மேஸ்திரியும் என் மகனை அக்குளில் பிடித்து இழுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

அவனைத் துணியில் கிடத்திச் சாலைக்குத் தூக்கிப் போனோம். போகும் வழியில் மேஸ்திரி, “காத்தடிச்சு விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்மா. காத்தக் கூப்பிட்டா விசாரிக்கப் போறாங்க?” என்றார். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “அடிக்கட்டையில வாள் வாய் தெரியும் மேஸ்திரி. காத்து எந்தக் கடைல வாள் வாங்குச்சுன்னு கேப்பாங்க, என்ன சொல்வீங்க?” என்றார். என் மகன் அந்த வலியிலும் சிரித்தான். மரம் வெட்டியதை அன்றே அவர் தன் மேலதிகாரிக்குத் தெரிவித்தார் என்று பிறகு அறிந்தேன். விழுந்த மரத்தை யாரும் எடுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே இன்னும் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அதன் பிறகு அடிக்கட்டைகளைப் பார்வையிடும் தலைமை அலுவலகக் குழு வந்து, வெள்ளை வளையம் உள்ள கட்டையைக் கண்டதாகவும், வனவர் அம்மாவை நிறுத்தி வைத்ததாகவும் மேஸ்திரி சொல்லித் தெரியும். வந்தவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டையை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மரத்தைக் காக்க இவ்வளவு தூரம் வந்து பார்க்கிறார்களே என்று சந்தோஷம்தான்.

சீருடையில் ஒரு பெல்ட் குறைவதாகவும் அவர் மேல் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த பெல்ட்டை ஆஸ்பத்திரியில் அவிழ்த்து எங்களிடம் கொடுத்தார்கள். என் மனைவி சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் உள்பக்கக் கறை போகவில்லை. அதை இன்று அம்மாவிடம் சேர்க்கக் கொண்டு வந்தேன். சான்றுப் பொருளாக இருக்க வேண்டும் என்று விசாரணை அதிகாரி வாங்கிக்கொண்டார். வேலை முடிந்ததும் உரியவரிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார், அதற்கும் நன்றி.

வனவர் அம்மாவுக்கும் எனக்கும் உறவோ கொடுக்கல் வாங்கலோ எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடித்ததில்லை. குடிக்க வரும்படி என் மனைவி சொல்லியனுப்பியிருக்கிறாள். விசாரணை முடியட்டும் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

மரத்தை வெட்டிய பிறகு என் மகன் அடிபடவில்லை, அடிபட்டுக் கிடந்த பிறகுதான் வெட்டப்பட்டது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர என்ன ஆதாரம் என்று விசாரணை அதிகாரி கேட்டார். அவன் மாட்டிக்கொண்டு கிடந்தபோது அந்த மரம் வெட்டப்படாமலே நின்றிருந்தால், இன்று நான் மட்டும்தான் இங்கே வந்திருப்பேன். வெளியே நடையில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் இந்த அறைக்குள் கேட்கிறதே, அவன்தான் என் மகன்.

மேற்படி விவரங்கள் நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அம்மா “வெட்டுங்க” என்று சொன்ன இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருக்கிறது. நான் அறிந்து சொன்னதெல்லாம் உண்மை.

(இடது கைப் பெருவிரல் பழைய வாள் காயத்தில் இல்லாததால், வலது கைப் பெருவிரல் ரேகை பெறப்பட்டது.)