மேட்டு லயத்துச் சாவு மேளம்

உனக்கு எதற்கு இதெல்லாம்? மண் இன்னும் காயவில்லை. அதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய், என்ன நடந்தது சொல்லுங்கள் என்று. செத்தவர்களிடம் போய்க் கேள். அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது பாதி. நானும் ஒரு காலை வேளை செத்துப் பார்த்தவள்தான், அதை அப்புறம் சொல்கிறேன். உட்கார். அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். பதிவு செய்கிறாயா, செய். நடுவில் அழாதே. அழுதால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஓடுகிறோம்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மழை. முன்னால் நாலு ஆண்கள். தோளில் இரண்டு நீளக் கம்புகள். கம்புகளில் கட்டிய படங்குத் துணிக்குள் என் மருமகள் ஸ்டெல்லா. வயிற்றில் எட்டு மாதம். துணியின் ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. சிவப்பாகச் சொட்டுகிறது.

மலை முனகுகிறது. இடி என்றுதான் நினைத்தோம். இடி விட்டு விட்டு வரும். இது விடவில்லை. நிறைந்த கொழுந்துச் சாக்கைச் சிமெந்துத் தரையில் இழுப்பதுபோல ஒரே இழுவை. பின்னால் வந்தவர்களில் யாரோ கத்தினார்கள்.

"மண்ணு வருது. மேல ஏறுங்க. மேல."

ஏறினோம். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிச் சொன்னால் உனக்கு விளங்காது. காலையிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஹுன்னஸ்கிரியப் பக்கம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள். மேட்டு லயத்தில் நாங்கள். கீழே பள்ளத்து லயம். நடுவில் தேயிலை மலை. கண்டிக்குப் போக, மலையின் தோளில் நடந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி, பெரிய ரோட்டுக்கு இறங்க வேண்டும். வெயில் நாளில் பஸ் கிடைக்கும். மழை நாளில் கடவுள் விட்ட வழி.

என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பெண்டாட்டி பிள்ளைப்பேற்றுக்கு அங்கிருந்தே போனில் திட்டம் போட்டான். பை கட்டி வைத்தோம். பிள்ளைத் துணி, டெட்டோல், டோர்ச். இரண்டு ஆட்டோக்காரர்களின் நம்பர், ஒருவர் வராவிட்டால் மற்றவர். மருத்துவிச்சி அம்மா சொன்னபடி, நாள் நெருங்குவதற்கு முன்பே கண்டியில் என் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விடுவது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

நன்றாகப் பார்த்தால் அந்தத் திட்டம் இரண்டே கால்களில் நின்றது. ரோடு ஒன்று, போன் ஒன்று. மழை தொடங்கிய மறுநாள் போன் செத்தது. அதற்கு மறுநாள் ரோட்டில் பஸ் சத்தம் நின்றது.

ஆனால் தோட்டத்தில் சாவுக்கு இப்படி ஒரு குறையும் கிடையாது. மரணாதார சங்கம் இருக்கிறது. சாமி எதுவானாலும் சங்கம் ஒன்றுதான். கதிரை இருக்கிறது, படங்கு இருக்கிறது, பெட்டி தூக்கக் கம்பு இருக்கிறது. யார் குழி வெட்டுவது, யார் தேத்தண்ணி ஊற்றுவது என்று முன்னமே தெரியும். மேளம் அடித்தால் போதும். பகையாளியும் வந்து நிற்பான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும், அது எங்கள் சட்டம். இங்கே சாவதற்கு வசதி அதிகம். நோய்ப்படுவதற்குத்தான் வசதி இல்லை.

வியாழக்கிழமை காலை. ஸ்டெல்லா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. அடுப்படிக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலடியில் ரத்தம்.

"மாமி, வலியே இல்ல. இது மட்டும் வருது."

வலி இல்லாமல் வருகிற ரத்தம் கெட்டது. ஐந்து பெற்றவளுக்கு அது தெரியும். படுக்க வைத்தேன். காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். பிறகு தூக்குவதற்கு ஆள் தேடினேன். மேட்டு லயத்தில் இளந்தாரிகள் எல்லாம் கொழும்பில். மிஞ்சினது இருமல்காரர் ஒருவர், ஊன்றுகோல்காரர் ஒருவர், மேளக்காரர் முத்தையா அண்ணன். ஆட்கள் இருந்தது பள்ளத்து லயத்தில். கூப்பிட்டேன். மழை என் தொண்டையைத் தின்றுவிட்டது. இறங்கிப் போய்க் கூட்டிவர நேரம் இல்லை.

முத்தையா அண்ணன் வீட்டுச் சுவரில் தப்பு மேளம் தொங்குகிறது. அதைப் பார்த்தேன்.

"அண்ணே, எடுங்க. சாவு அடி அடிங்க."

"யாரு போயிட்டா?"

"யாரும் போகல. போகாம இருக்கத்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் மேளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"உசுரோட கெடக்குற பிள்ளத்தாச்சிக்கு நான் அடிக்க மாட்டேன். என்னால ஏலாது தாயி. கை அழுகிப் போகும்."

"அவளுக்கு யாரு அடிக்கச் சொன்னா? எனக்கு அடிங்க."

"என்னாது?"

"நான் எப்படியும் சாகத்தானே போறேன். கொஞ்சம் முந்தி அடிச்சா என்ன, அட்வான்ஸ்னு நெனச்சுக்குங்க. நெசமா சாகும்போது நீங்க அடிக்கவே வேணாம். கணக்கு சரி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேளத்தை எடுத்தார். ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. என் அடுப்பில்தான் காய்ச்சினார். ரொட்டிக் கல்லை இறக்கிவிட்டு என் சாவு மேளத்தைச் சூடாக்கினோம்.

வாசல் கூரைக்குக் கீழே நின்று அடித்தார். டண். டண். டண்டண். இடைவெளி விட்டு மறுபடி. அந்தச் சத்தம் மழைக்கு அடியில் நுழைந்து போகும். அவர் பெண்டாட்டி மேட்டின் விளிம்பில் நின்று கத்தினாள். "மேட்டு லயத்துப் பெரியம்மா போயிருச்சு." நான் உள்ளே ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் சாவைக் கேட்டேன். நல்ல அடி. குறை சொல்ல முடியாது.

பள்ளத்து லயம் புறப்பட்டது. ஆணும் பெண்ணும், சின்னதும் பெரிசும். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக ஏறி வந்தார்கள். படங்கும் கம்பும் வந்தன. முன்னால் பவுலினா. என் ஆடு அவளுடைய பாத்தியில் முட்டைக்கோவாவைத் தின்ற நாளிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. வளைவிலேயே ஒப்பாரி எடுத்துவிட்டாள். தங்கமே என்கிறாள். தோட்டத்துக்கே விளக்கு என்கிறாள். வாசலுக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் பாட்டைப் பாதியில் விட்டாள்.

"நிறுத்தாத பவுலினா. இன்னும் ரெண்டு வரி பாடு. இருந்த காலத்துல நீ இப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல."

"நீ சாகலயா?"

"இல்ல. மன்னிச்சுக்க. உள்ள பிள்ளத்தாச்சிக்கு ரத்தம் போகுது. தூக்குறதுக்கு ஆள் வேணும்."

ஒருத்தரும் திட்டவில்லை. அப்போது திட்டவில்லை. பெட்டி தூக்கும் கம்பில் உயிரோடு இருப்பவளை எப்படி வைப்பது என்றுதான் தயங்கினார்கள். நான் படங்கை விரித்து அதில் படுத்தேன். தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். இறக்கச் சொன்னேன். எழுந்தேன்.

"பாத்தீங்களா. செத்தவ எந்திரிச்சுட்டா. இப்ப இது நல்ல கம்பு. அவள வைங்க."

புறப்படும்போது பவுலினா மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். மெழுகுதிரி.

"சின்னப்பன் அண்ணன் குடுத்துச்சு. உன் தலமாட்டுல வைக்க."

சின்னப்பன் அண்ணன் பள்ளத்து லயத்துக் கடைசி வீடு. அவர் பெண்டாட்டி லூர்து வாதம் வந்து கட்டிலில் கிடக்கிறாள். அண்ணனுக்கும் எனக்கும் கேலிதான் பேச்சு. நான் செத்தால் கோடிச்சீலை கொண்டு வருவேன், கண்ணீர் மட்டும் வராது என்பார்.

"அண்ணன் எங்க?"

"லூர்துக்குக் கஞ்சி குடுத்துட்டு வாறேன்னுச்சு. நீங்க முன்னுக்குப் போங்கன்னுச்சு."

ஓடினோம். தோள் மாற்ற ஆள் வேண்டும் என்று வந்த கூட்டம் முழுசும், முத்தையா அண்ணனும் மேட்டு லயத்தில் மிஞ்சியவர்களும் கூடவே. அந்தச் சத்தம் வந்தது. ஏறினோம். இதை முன்னமே சொன்னேன்.

மடுவத்துக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தோம். பள்ளத்து லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். கூரை இல்லை. புகை இல்லை. நாய் குரைக்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளைகளைத் தலை தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். இரண்டு பேர் கீழே இறங்கப் பார்த்தார்கள். கால் வைத்த இடம் நழுவியது. ஏறி வந்துவிட்டார்கள்.

"அண்ணன் வெளிய வந்திருக்கும்," என்றாள் பவுலினா.

யாரோ அவள் கையைப் பிடித்துக் கூரைக்குக் கீழே இழுத்தார்கள்.

முன்னால் போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதையும் போய்விட்டது. பின்னால் மண். முன்னால் பள்ளம். நடுவில் மடுவம். நாலு தூண், தகரக் கூரை, கொழுந்து நிறுக்கும் தராசு. அதற்குள் இரண்டு லயமும். பக்கத்து மனிதரின் மூச்சு கழுத்தில் படுகிறது. தகரத்தில் மழை அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்குள் எல்லோரும் இன்னொரு சத்தத்துக்குக் காது கொடுக்கிறோம். இந்த மலையும் முனகுமா என்று. ஒரு பிள்ளை தும்மினாலும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம்.

ஸ்டெல்லாவை மூலையில் கொழுந்துச் சாக்கின் மேல் வைத்தோம். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்தார்கள். கட்டிய பை வந்திருந்தது. டெட்டோல் இருந்தது. டோர்ச் இருந்தது. ஆஸ்பத்திரி இல்லை. பின்னேரம் வலி வந்தது. மழை இருட்டு. சின்னப்பன் அண்ணனின் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். என் தலைமாட்டுக்கு வந்தது, என் பேத்தியின் கால்மாட்டில் எரிந்தது.

பேத்திதான். நிறைய முடி. காதோரம் என் மகனைப்போலவே இருந்தது. முதுகைத் தேய்த்தேன். வாயில் ஊதினேன். பவுலினாவும் ஊதினாள். மடுவத்தில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள், அழுகிற சத்தம் கேட்பதற்காக. மழை மட்டும் கேட்டது.

பெண்கள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தார்கள், ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர். மெல்ல மெல்ல ரத்தம் குறைந்தது. ஸ்டெல்லா உயிரைப் பல்லில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை கண் திறந்தாள்.

"மாமி, அழுதுச்சா?"

"நீ தூங்கு," என்றேன்.

விடிந்தபோது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு சத்தம். கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள் கயிறோடு வந்திருந்தார்கள். முந்தின நாள் மேளம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. சாவு வீடு என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு மலை இறங்கிய சத்தம். இத்தனை பேரை ஒரு சாவு வீட்டில் வைத்து மண் மூடிவிட்டதோ என்று விடியும் முன்பே ஏறி வந்துவிட்டார்கள். கயிற்றைக் கட்டி, அதே கம்பில், அதே படங்கில், கைக்குக் கை மாற்றி ஸ்டெல்லாவை அக்கரை சேர்த்தார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இருக்கிறாள். பேச்சுக் குறைவு. சாப்பிடுகிறாள்.

போனதைச் சொல்லு என்கிறாயா. சொல்கிறேன், எழுதிக்கொள். பள்ளத்து லயம் முழுசும். அதில் இருந்த அத்தனை அடுப்பும். மாதா சிலை நின்ற கெபி. சங்கத்துக் கதிரைகள். பவுலினாவின் கோவாப் பாத்தி. அதற்குள் இறங்கி நின்ற என் ஆடு. சின்னப்பன் அண்ணன். லூர்து. தோண்டியபோது இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்களாம், கஞ்சிக் கோப்பையும் பக்கத்தில். பேர் வைக்காத ஒரு பெண் பிள்ளை. செத்தவர்கள் பட்டியலில் நாங்கள் ஸ்டெல்லா என்றே எழுதச் சொன்னோம், அம்மா பேரையே.

பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். இரண்டு லயமும் ஒரே மண்டபத்தில், பாய்க்குப் பாய் முட்டிக்கொண்டு. அங்கே பேச்சு தொடங்கியது. முதலில் முதுகுக்குப் பின்னால். பிறகு தண்ணீர்க் குழாயடியில், என் முகத்துக்கு நேராக. பவுலினாதான் கேட்டாள். பிள்ளைக்கு மூச்சு ஊதிய அதே வாய்.

"கேக்குறேன்னு கோவிக்காத. நீ உனக்குச் சாவு மேளம் அடிக்க வச்ச. மேளம் அடிச்சா எமன் வருவான். வந்தவன் நீ எந்திரிச்சு நின்னதால, கையில கெடச்சதக் கொண்டு போயிட்டான். எல்லாரும் இதத்தான் பேசிக்கிறாங்க."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வாளியை நகர்த்தவில்லை. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆமா பவுலினா. அடிக்கச் சொன்னது நான்தான். நீ எங்க இருந்த அப்ப?"

"வீட்டுல."

"கேட்டு என்ன செஞ்ச?"

"வந்தேன்."

"வந்த. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வந்த. வராம இருந்திருந்தா, இன்னைக்கு இந்தக் குழாயடியில எனக்குத் தண்ணி சீக்கிரம் கெடச்சிருக்கும். உன்னோட சண்டை போட ஆளும் இருந்திருக்காது."

சுற்றி நின்றவர்களிடம் மீதியைச் சொன்னேன்.

"செத்தவளத் தூக்க எல்லாரும் வந்தீங்க. உசுரோட கட்டில்ல கெடந்த லூர்தத் தூக்க ஒருத்தரும் நிக்கல. அதுக்கு நம்மகிட்ட ஒரு அடி இல்ல. முத்தையா அண்ணன் வேற ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார், ஆபத்துன்னா அடிக்கிறதுக்கு, வேகமான அடி. அது கேட்டா மேளத்துப் பக்கம் ஓடி வராதீங்க. முதல்ல கட்டில்ல கெடக்குறவங்க வீட்டுக்குப் போங்க. தூக்கிக்கிட்டு வாங்க. அந்த அடிய மனசுல போட்டுக்குங்க. மத்தபடி எனக்கு ஒரு தரம் அடிச்சாச்சு. மறுபடி கேட்டு ஏமாந்துறாதீங்க."