வால்வு மட்டும் வேணாம் அத்தான்

— அத்தான், வேற எது வேணாலும் கேளுங்க, போட்டுத் தர்றேன். வால்வு மட்டும் வேணாம்.

— ஏன் வேணாம்? காரு என்னோடது. காசு என்னோடது. அதுல உக்காந்து அசிங்கப்படுறதும் நான்தான்.

— வண்டிக்கு டாக்டர் நான்ல?

— நீ டாக்டரா! நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் காரு எப்படி இருந்துச்சு... கிளம்பினா கிளம்பினதே தெரியாது. உன் ஆபரேஷனுக்கு அப்புறம், நான் தெருமுனை திரும்பினா எதிர் வீட்டுக் குழந்தை வீல்னு அழுவுது.

— அது பசிக்கு அழுவுது அத்தான்.

— அவங்கப்பா மொறைக்கிறாரே, அவருக்கும் பசியா?

— அது பொறாமை. இது என்ன சாதாரண வண்டியா? ஆறு சிலிண்டர். அந்தக் காலத்துல பெரிய பெரிய முதலாளிங்க பின் சீட்டுல சாஞ்சுக்கிட்டுப் போன வண்டி. சைலென்சரைக் கழட்டி, தடிமனா ஒரு குழாய் விட்டு, ஏர் ஃபில்டரை மாத்தி, கம்ப்யூட்டரை வெச்சு என்ஜினை முடுக்கி... தூங்கிட்டிருந்த சிங்கத்தை எழுப்பி விட்டிருக்கேன்.

— சிங்கமா? நேத்து சிக்னல்ல பக்கத்து ஸ்கூட்டர்காரன் சொல்றான், "சார், உங்க சைலென்சர் எங்கயோ விழுந்துடுச்சு போல, திரும்பிப் போய்ப் பாருங்க"ன்னு.

— விவரம் தெரியாதவன்.

— ஆபீஸ் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துட்டு, "தண்ணி லாரின்னு நெனச்சேன் சார்"ங்கிறான்.

— ...

— சிரிக்காத.

— சிரிக்கல அத்தான். வாயில தூசி.

— துக்க வீட்டுக்குப் போனேன்டா. நான் போய் வண்டிய நிறுத்தினதும், அழுதுக்கிட்டிருந்தவங்க எல்லாம் அழுகைய நிறுத்திட்டு வெளிய வந்து எட்டிப் பாக்குறாங்க. செத்தவருக்கே கோவம் வந்திருக்கும்.

— ஒரு மேனேஜர் வந்தா நாலு பேருக்குத் தெரிய வேணாமா? கெத்து அத்தான் அது.

— இதச் சொல்லித்தானேடா என்னை ஏத்தி விட்ட! "அத்தான், நீங்க இருக்குற இருப்புக்கு இப்படிப் பூனை மாதிரியா வர்றது"ன்னு. நானும் மண்டைய ஆட்டினேன். சரி, விடு. சத்தம் வேணாம்னு நான் சொல்லல.

— அப்பாடா.

— டாஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச். அழுத்தினா அந்தக் குழாய்க்குள்ள ஒரு தகடு மூடிக்கணும். புகை எல்லாம் பழைய சைலென்சர் வழியா சத்தமில்லாமப் போகணும். மறுபடி அழுத்தினா தகடு திறந்து உன் சிங்கம் கத்தணும். அவ்வளவுதான் வால்வு. நெட்ல பாத்தேன்.

— நெட்ல பாத்தீங்களா... கெட்டுது போங்க.

— என்ன கெட்டுது?

— தகடு சூட்டுல ஒட்டிக்கும் அத்தான்.

— ஒட்டினா வந்து தட்டு.

— கரி பிடிக்கும்.

— பிடிச்சா தேய்.

— என்ஜின் கோளாறுன்னு மஞ்ச லைட்டு எரியும்.

— அது இப்பவே எரியுது. நீ கை வெச்ச நாள்லேர்ந்து அணையவே இல்ல.

— அது... அது ஒரு மாதிரி அலங்காரத்துக்கு.

— டேய்.

— சரி, உண்மையச் சொல்லிடறேன். பழைய சைலென்சர் இல்ல அத்தான். பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.

— அப்ப அந்த டயருக்குப் பின்னாடி சாஞ்சு நிக்குதே, அது என்ன?

— எது?

— அதான். உன் சட்டை அது மேலதான் காயுது.

— ஓ... அதுவா.

— அதேதான். அந்த நெளிசல் நான் வேகத்தடையில மோதினப்ப விழுந்தது. என் வண்டி சாமான் எனக்குத் தெரியாதா?

— இருக்கட்டும் அத்தான். இருந்தாலும் வால்வு செட்டாகாது. இந்த மாதிரி பழைய வண்டிக்கெல்லாம் போடுறதில்ல.

— உனக்குப் பின்னாடி ஜாக்கியில நிக்குதே கறுப்பு வண்டி... என்னோடதை விடப் பழசு. நான் வர்றப்ப அதுக்கு என்ன மாட்டிக்கிட்டிருந்த?

— அது வந்து... அந்த ஓனர் வேற மாதிரி ஆளு.

— என்ன மாதிரி?

— அவரு கல்யாணம் ஆகாதவரு.

— வால்வுக்கும் கல்யாணத்துக்கும் என்னடா சம்பந்தம்?

— இருங்க அத்தான், போன் அடிக்குது. ஹலோ... ஆங்... ஆமா, இங்கதான் நிக்கிறாரு... இல்ல இல்ல, வண்டி, வண்டி இங்கதான் நிக்குதுன்னேன்... போடல... போட மாட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்... நான் பாத்துக்கறேன், நீ கவலைப்ப... நீங்க கவலைப்படாதீங்க... ஐயோ, வைங்களேன் சார்!

— யாரு?

— கஸ்டமர்.

— கஸ்டமர்கிட்ட "ஐயோ வைங்களேன்"னா பேசுவ?

— பழகின கஸ்டமர் அத்தான்.

— பொம்பளக் குரலா கேட்டுச்சு.

— அவருக்குத் தொண்டை கட்டியிருக்காம்.

— ம்ம்... தொண்டை.

— அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. திடீர்னு உங்களுக்கு எதுக்குச் சத்தமில்லாம போகணும்? எங்க போகணும்? ஏதாவது புதுசா... பழக்கம் கிழக்கம்... அக்காவுக்குத் தெரியாம...

— செருப்பு பிஞ்சிடும்.

— இல்ல, வயசு அப்படி. பந்தாவா இப்படி ஒரு பெரிய வண்டி வேற...

— சொந்த வீட்டுக்குப் போகத்தான்டா கேக்குறேன்.

— ...சொந்த வீட்டுக்கா?

— ஆமா. என் வீட்டுக்கு.

— சொந்த வீட்டுக்கு எதுக்கு அத்தான் சத்தமில்லாம போகணும்? ராஜா மாதிரி போங்க.

— உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது?

— டியூப் லைட்டு வெளிச்சம் அத்தான். இங்க எல்லாருமே அப்படித்தான் தெரிவாங்க.

— போன வாரம் பெட்ரோல் தீந்துடுச்சு. நீ முடுக்கி விட்டதுலேர்ந்துதான் குடிகாரன் மாதிரி குடிக்குதே. தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. பூட்டிட்டு நடந்து வந்தேன்.

— நடந்தா?

— நடந்துதான். கால் இருக்குல்ல?

— ஒரு போன் பண்ணியிருக்கலாமே அத்தான்...

— எதுக்கு? நீங்க எல்லாரும் ரெடியாகுறதுக்கா?

— நான்... நான் எங்க அங்க...

— வாசல் கேட் பக்கம் வந்தேன். உள்ள ஒரே சிரிப்பு. உங்க அக்கா சிரிக்கிறாடா. மூச்சு வாங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எம் பொண்ணு சிரிக்கிறா. எங்க அம்மா "போதும்டா, போதும்டா"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நான் என் வீட்டு ஜன்னலுக்குக் கீழ திருடன் மாதிரி நிக்குறேன்.

— டி.வி.ல ஏதாவது காமெடி...

— டி.வி.ல என் குரல் எப்படிடா வரும்? நான் வெளிய நிக்குறேன். நான் உள்ள பேசிக்கிட்டிருக்கேன்.

— அத்தான், டீ சொல்லட்டுமா?

— "இந்த வீட்டுல ஒருத்தன் மாடா உழைக்கிறான், நீங்க நாலு ரூம்லயும் லைட்டைப் போட்டுட்டு ராஜ்ஜியம் பண்றீங்களா?" என் குரல். என் செருமல். நடுவுல அந்த ஒரு இருமல் கூட அச்சு அசலா நான்தான்.

— இருமல் சரியா இருந்துச்சா?

— என்னது?

— இல்ல... சும்மா கேட்டேன்.

— நல்லாவே இருந்துச்சு.

— தேங்க்ஸ் அத்தான்.

— ...டேய்!

— ஐயையோ. மன்னிச்சுடுங்க அத்தான். வாய் தவறி வந்துடுச்சு.

— எவ்வளவு நாளா நடக்குது இந்தக் கூத்து?

— சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மிமிக்ரி வரும் அத்தான். மொதல்ல ஹெட்மாஸ்டர். அப்புறம் எங்கப்பா. அப்புறம்... நீங்க எங்க குடும்பத்துக்குள்ள வந்தீங்க.

— அதான் நான் இந்தக் காரு வாங்கின புதுசுல, உள்ள நுழைஞ்சா ஆளுக்கு ஒரு மூலையில விறைச்சுக்கிட்டு நின்னீங்களா? நீ ஃபேனை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்ப. "என்னடா"ன்னா "ரிப்பேர் அத்தான்"ம்ப.

— அதுதான் அத்தான் எங்க பிரச்சினையே! உங்க பழைய வண்டி இருந்தப்ப கவலையே இல்ல. பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்தும், தெருமுனையிலயே தெரிஞ்சிடும். இது சனியன், மூச்சே விடாது. நீங்க காலிங்பெல்லை அமுக்குற வரைக்கும் ஒரு துப்பும் கிடையாது. ரெண்டு தடவை மயிரிழையில தப்பிச்சோம். அக்காதான் சொன்னா, "டேய், உங்க அத்தான் எமன் மாதிரி சத்தமில்லாம வந்து நிக்குறாரு, அந்தக் காரை ஏதாவது பண்ணித் தொலை"ன்னு.

— எமனா?

— அக்கா சொன்னது.

— அப்ப சிங்கம், கெத்து, மேனேஜர்னா நாலு பேருக்குத் தெரியணும்... இதெல்லாம்?

— அது நான் சேத்துக்கிட்டது.

— ஆக, நானே காசு குடுத்து என் கழுத்துல மணி கட்டிக்கிட்டேன்.

— நல்ல மணி அத்தான். துருப் பிடிக்காத ஸ்டீலு.

— வாய மூடு. எங்க அம்மாவுமாடா இதுல கூட்டு?

— அவங்கதான் டைரக்ஷனே. "அவன் கத்துறதுக்கு முன்னாடி கண்ணாடியக் கழட்டித் துடைப்பான்டா, அதை விட்டுட்டியே"ம்பாங்க.

— பெத்தவ... பெத்தவ பேசுற பேச்சா இது?

— பெத்தவங்களுக்குத்தானே தெரியும்.

— பொண்ணு?

— அவ கைதட்டுறதோட சரி. வாட்சைப் பாத்து "அப்பா வர்ற நேரம்"னு சொல்றதும் அவதான்.

— உங்க அக்கா?

— அக்கா... அக்காவா நடிப்பா.

— அவளாவா?

— நான் நீங்களாப் பேசுவேன். அவ பதில் சொல்வா.

— என்ன பதில்?

— உங்ககிட்ட சொல்லாத பதில் எல்லாம். அத்தான், என்ன ஆச்சு? உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், கிரீஸ் இருக்கு. இப்படி வாங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அன்னைக்கு ஒரு பதில் கேட்டேன்டா.

— எதை?

— "எப்பப் பாரு 'ஏய்', 'இந்தா', 'எங்க தொலைஞ்ச'ன்னே கூப்பிடுறீங்களே... எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு பேரு வெச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க, அதை ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன்"னா.

— அது சும்மா விளையாட்டுக்கு அத்தான்...

— நீ கூப்பிட்ட. என் குரல்ல. அவ பேரைச் சொல்லி.

— ...ஆமா.

— எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

— ஆமா அத்தான்.

— அவ சிரிக்கல.

— நான்... கவனிக்கல அத்தான்.

— நான் கவனிச்சேன். ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்துச்சு. உன்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் முகத்தத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

— தப்புத்தான் அத்தான். என்னை என்ன வேணா திட்டுங்க, நாலு அறை கூட விடுங்க. வீட்டுல போய்க் கத்தாதீங்க. உங்களுக்கு உறைக்கட்டும்னே சொல்றேன், அக்கா இத்தனை வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டினது இப்படிச் சிரிச்சுத் தீத்துக்கிட்டதாலதான். இல்லாட்டி எப்பவோ பெட்டியத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்திருப்பா.

— அவ்வளவு மோசமாவா இருக்கேன்?

— ...கஷ்டம்தான் அத்தான்.

— ம்.

— அதனாலதான் சொல்றேன். அவ சிரிக்கிற அந்த ஒரு மணி நேரத்துலயும் மண்ணப் போட்டுடாதீங்க. வால்வு போட்டா, நீங்க ஸ்விட்சை அமுக்கிட்டுச் சத்தமில்லாம வந்து எங்களக் கையும் களவுமாப் பிடிப்பீங்க. அதுக்குத்தானே கேக்குறீங்க?

— பிடிக்கணும்னா அன்னைக்கே பிடிச்சிருப்பேனே. நான் உள்ளயே வரல. வந்த வழியே திரும்பிப் போனேன். கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்திட்டு, அப்புறம் தெருவே அதிர உறுமிக்கிட்டு வந்து இறங்கினேன். நீ ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்ன. நானும் "ரிப்பேரா மாப்ள"ன்னு கேட்டேன்.

— தெரிஞ்சேவா கேட்டீங்க?

— தெரிஞ்சேதான்.

— அட... அத்தான்! அப்ப இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் நேரா வீட்டுக்குப் போய் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு இங்க வந்து வால்வு கேட்டு என் உயிரை வாங்குறீங்க?

— வர மாட்டேங்குதுடா. வீட்டுக்குள்ள நுழைஞ்சா வாயில "ஏய்"தான் வருது. அதான் ஒரு வாரமா, ஆபீஸ்லேர்ந்து திரும்பி வர்றப்ப கார்ல தனியா அவ பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகுறேன்... நீ வெச்ச குழாய் போடுற சத்தத்துல, நான் சரியாக் கூப்பிடுறேனா இல்லையான்னு எனக்கே கேக்க மாட்டேங்குது.