மேசைக்கு அடியில் மூன்று பேர்

— செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டு பத்து. அபாயச் சங்கு ஊதிச்சு. சாப்பாட்டு மேசைக்கு அடியில மூணு பேர். எழுதிட்டேம்மா. ஒரு சங்கு விடாம எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.

— எழுதினது போதும், தலையைக் குனி. அப்படியே மாடிவீட்டு உங்க பெரியம்மாவைக் காலை மடக்கிக்கச் சொல்லு. இது என் மேசை.

— பெரியம்மா, காலை…

— காதுல விழுந்துச்சுடி கண்ணு. முட்டி மடங்காதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.

— மடங்காதாம்மா.

— பேருதான் தையல்காரி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை ஒரு சாண் குறைச்சு வெட்டிக் கொடுத்தாங்க. ராத்திரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியுதுன்னு தெருவே என்னைத் திட்டினப்ப மாடியில கம்முனு நின்னாங்களே, ஏன்னு கேளு.

— இவ்வளவு நீளமா என்னால சொல்ல முடியாதும்மா. கடைசி ரெண்டு வார்த்தைதான் ஞாபகம் இருக்கு.

— அளவு கொடுத்தது யாருன்னு நீ அவளைக் கேளு கண்ணு. மூணு மாசமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, இன்னைக்கு எதுக்கு அழுதுகிட்டே கூப்பிட்டு விட்டாளாம்?

— நானா? நான் எங்க அழுதேன்? தனியா இருக்க பயமா இருக்கு, கீழ வரட்டுமான்னு சொல்லி விட்டது அவங்கதானே?

— எனக்கென்ன பயம்? மாடியில கட்டிலுக்கு அடியில தனியாவே ஒம்பது சங்கு பார்த்தவ நான்.

— அடியே, என்னை நிமிர்ந்து பாரு. யாரு அழுதா?

— பென்சில் முனை உடைஞ்சுபோச்சும்மா.

— யாரு அழுதான்னு கேட்டேன்.

— இதுவரைக்கும் யாரும் அழல.

— சங்கு அடங்கட்டும், உனக்கு இருக்கு.

— பிள்ளையை அடிக்க வேண்டாம்னு சொல்லு. நான் என் வீட்டுக்கே போறேன். தள்ளிக்கோ கண்ணு. இதென்ன, என் முந்தானை வரமாட்டேங்குது?

— மேசைக்கால்ல கட்டியிருக்கேன் பெரியம்மா. மூணு முடிச்சு.

— அவிழ்த்துவிடுடி.

— நகம் கடிச்சிட்டேன், அவிழ்க்க வராது.

— பேசாதீங்க. விமானம் பக்கத்துல வருது. குனிங்க, ரெண்டு பேரும் குனிங்க…

— கண்ணு? கண்ணு, இருக்கியா?

— இருக்கேன் பெரியம்மா. நீங்கதான் என்மேல படுத்திருக்கீங்க. வாயெல்லாம் சுண்ணாம்பு.

— அபாயம் நீங்கின சங்கும் ஊதிடுச்சு. மெதுவா வாசல் வரைக்கும் போய்ப் பாரு. தாண்டாதே. என்ன தெரியுது?

— மாடிப்படி பாதியிலேயே நின்னுபோச்சும்மா. அதுக்கு மேல வானம் தெரியுது.

— என் கட்டிலு?

— காணோம் பெரியம்மா. முடிச்சைக் கத்தரிச்சு விடட்டுமாம்மா?

— இருக்கட்டும். அக்கா, காலை நல்லா நீட்டிக்கோ.