ஆட்டத்தின் மேல் பழி வேண்டாம்

அந்த ஆட்டம் நல்ல ஆட்டம்தான், சார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். துப்பாக்கி விளையாட்டில் மூழ்கித் தூக்கம் கெட்டு, அந்தக் கவனக்குறைவில் லிப்ட் பேனலில் ஒரு ஒயரை எடுக்க மறந்துவிட்டதாகவும், அதனால் என் தங்கையின் கணவர் உயிரிழந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட ஆடிப் பார்க்காதவர் எழுதியது என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் குறை சொல்வதற்கு முன் அதில் நல்லது என்ன என்று பார்ப்பது என் பழக்கம்.

அதில் இரண்டு பாகம் உண்டு. தனியாக உட்கார்ந்து கதை போல ஆடுவதைக் கேம்பெயின் என்பார்கள். நாம் ஒரு சாதாரணச் சிப்பாய். பனி கொட்டுகிற ஒரு ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கும். காலடியில் பனி நொறுங்கும் சத்தமும் குண்டு மாற்றும்போது கை லேசாக நடுங்குவதும் அச்சு அசலாக இருக்கும். கூடவே ஒரு கேப்டன் வருவார். ஆட்டத்தின் உயிரே அவர்தான். கதவு வந்தால் நின்று, திரும்பிப் பார்த்து, நாம் வந்து சேர்ந்த பிறகுதான் திறப்பார். நான் ஆற அமர ஆடுகிறவன். வழியில் இருக்கும் மேஜை இழுப்பறையைக்கூட விடமாட்டேன். அதுவரை அவர் கதவில் கை வைத்தபடி நிற்பார். "அவசரமில்லை, நீ வந்த பிறகு போகலாம்" என்பார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரோடு வேலை பார்த்திருக்கிறேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

குறையே கிடையாதா என்றால், இருக்கிறது. அணைக்கட்டு வரும் கட்டத்தில் செத்துப்போனால் ரொம்பப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடும். ஏறிய படியையே மறுபடி ஏற வேண்டும். வில்லன் உப்புச் சப்பில்லாதவன். தான் ஏன் கெட்டுப்போனோம் என்று அவனுக்கே தெரியாது. கடைசி ஹெலிகாப்டர் சண்டையைப் பற்றிச் சொல்லி மாளாது.

இன்னொன்று. நம் ஆளை நாமே சுட்டுவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். திரை கறுத்து, கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி தொடங்கும். கேப்டன் ஒன்றுமே நடக்காதது போல அதே வசனத்தைச் சொல்வார். நான் சுட்டுப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் இல்லை, என்ன ஆகும் என்று பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன். முதுகில், கழுத்தில், பக்கத்தில் போய் நின்று. ஒவ்வொரு தடவையும் அவர் கதவருகே எனக்காகக் காத்திருந்தார். டீ கொண்டுவந்த தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, என்னண்ணா அதே இடத்திலேயே நிற்கிறாய் என்று கேட்டாள். பழகிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜெயிலுக்கு வரும் வரைக்கும் நான் தங்கை வீட்டில்தான் இருந்தேன். கல்யாணம் கூடிவரவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. முன்னறை எனக்கு. ஒரு சுவர் தள்ளி அவர்கள் ஹால். தங்கையைக் கட்டியவர் எனக்கு மாப்பிள்ளை. என்னைவிட வயதில் சின்னவர்தான், இருந்தாலும் கடைசி வரைக்கும் நான் வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக். ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வருவோம். ஆட்டத்தை வாங்கிவந்ததும் அவர்தான், எனக்கும் சேர்த்து. அவர் நல்ல மனுஷன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. லிப்ட் பராமரிப்புக்கு ஜோடி வேண்டும். ஒருவர் லிப்டின் தலைமேல் ஏறி நிற்பார். வடம், சக்கரம், தண்டவாளம் எல்லாவற்றையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும். மற்றவர் மாடி உச்சியில், மோட்டார் அறையில், பேனல் முன்னால் நின்று ஓட்டுவார். பேச்செல்லாம் வாக்கிடாக்கியில். லிப்டின் தலையில் சிவப்பாக ஒரு ஸ்டாப் பட்டன் உண்டு. ஏறுகிறவர் முதலில் அதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் மோட்டார் அறையிலிருந்து யார் தலைகீழாக நின்றாலும் லிப்ட் நகராது. ஆனால் ஒவ்வொரு மாடிக்கும் அழுத்தி, விடுவித்து, மறுபடி அழுத்தி என்றால் பொழுது அதிலேயே போய்விடும். ஒத்துப்போன ஜோடிகள் அதைத் தொடுவதே இல்லை. ஒரு மாடி மேலே, போதும், நிறுத்து என்று வாய்ப் பேச்சிலேயே ஓட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அவர் என்னைக் கேட்காமல் ஒரு அடி நகரமாட்டார், நான் அவரைக் கேட்காமல் நகர்த்தமாட்டேன். வேலையில் அவரைப் போல ஒரு கூட்டாளி கிடைக்கமாட்டார்.

அதனால்தான் ஆட்டத்தின் இரண்டாவது பாகம் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அதை மல்டிபிளேயர் என்பார்கள். எங்கெங்கோ இருக்கிற நிஜ ஆட்கள் இணையத்தில் சேர்ந்து, அணி பிரித்துச் சுட்டுக்கொள்வது. அதிலும் நல்லது இல்லாமல் இல்லை. துறைமுகம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அடுக்கிய கன்டெய்னர்களும் கிரேனுமாக. அதைக் கட்டியவன் கையில் மோதிரம் போடலாம். ஆனால் ஆள் சேர்க்கும் முறை மகா மோசம். நேற்று வந்தவனையும் நாள் பூரா அதிலேயே கிடப்பவனையும் ஒரே களத்தில் இறக்கிவிடும். செத்து மறுபடி பிறந்தால், சுட்டவன் காலடியிலேயே பிறப்போம். இணையம் தடுமாறும், நான் பார்த்துச் சுடுவதற்குள் எதிராளிக்கு அது பழைய கதையாகியிருக்கும். மாப்பிள்ளை அடுத்த அறையில் இருந்து ஆடுவார். அவர் சிரிப்பு எனக்குச் சுவர் வழியாக ஒரு தடவை கேட்கும், கொஞ்சம் தாமதித்து ஹெட்போனில் இன்னொரு தடவை கேட்கும்.

பெரிய குறை வேறு. மல்டிபிளேயரில் அடிபட்டால் உடனே சாவதில்லை. விழுந்து கிடப்போம். கூட்டாளி ஒருவர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எழுந்துவிடலாம். அழுத்துகிற நேரத்தில் அவர் சுட முடியாது, நகர முடியாது. எழுப்பிவிட்டதற்குப் பெரிய மதிப்பெண்ணும் கிடையாது. அதனால் எவனும் எழுப்புவதில்லை. வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். மனிதர்களை அப்படிப்பட்ட இடத்தில் வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

துறைமுகத்தில், கிரேன் அடியில், நான் விழுந்து கிடந்தேன். மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போது அவர் அணியில் இருந்த மற்றவர்களிடம் சொன்னார்:

"இந்த மூட்டையத் தூக்கிக்கிட்டு எப்பிடிடா ஓடுறது? கெடக்கட்டும் விடு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் சிரிப்பு மட்டும் சுவர் வழியாகவும் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் ஆயிரம் பேசுவார்கள். அடுத்த சுற்றுக்கு நானும் இறங்கினேன்.

பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் மாப்பிள்ளை என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாக. பிறகு ஆடும்போது மட்டும் மூட்டை. பிறகு வண்டியிலும் மூட்டை. வாக்கிடாக்கியிலும். நீங்க என்பது நீ ஆயிற்று. ஒரு நாள் காலையில் ஸ்டோர் கீப்பர் என் கையில் எண்ணெய் டப்பாவைக் கொடுத்துவிட்டு, என்ன மூட்டை, இன்றைக்கு எந்தக் கட்டடம் என்றார். அவருக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம்கூடக் கிடையாது. அந்த வாரமே தங்கை ஹாலில் இருந்து, "மூட்டைண்ணா, சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டாள். செல்லமாகத்தான் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன்.

நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். அந்தப் பேருக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பேருக்காக யாராவது இப்படிச் செய்வார்களா? நான் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

போன வாரம் தங்கை என்னைப் பார்க்க இங்கே ஜெயிலுக்கு வந்தாள். அழுது அழுது குரலே போய்விட்டது. இரண்டு பேருடைய விளையாட்டுப் பெட்டியையும் தரையில் போட்டு உடைத்துவிட்டாளாம். "உன்னச் சொல்லிக் குத்தமில்லண்ணா. எல்லாம் அந்தப் பாழாப்போன ஆட்டத்தால வந்தது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கஷ்டப்பட்டாரா, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றேன். அவள் கொஞ்சம் ஆறுதலாகப் போனாள். எனக்குத்தான் அன்று முழுக்க உறுத்தலாகவே இருந்தது. அந்த ஆட்டம் என்ன பாவம் செய்தது? அதைச் செய்தவர்கள் எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள். செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதனால்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒயரைப் பற்றிச் சொல்கிறேன். ஏதாவது ஸ்விட்ச் தொல்லை கொடுத்தால், பேனலில் ஒரு ஒயர்த் துண்டைக் குறுக்கே சொருகி, அந்த ஸ்விட்சே இல்லாதது போல லிப்டை ஓட வைக்கலாம். ஜம்பர் என்போம். வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். மறந்துபோகிறவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். ஸ்டாப் பட்டனுக்குக் குறுக்கே ஒரு ஜம்பர் கிடந்ததைப் பார்த்ததும், கம்பெனியில் எல்லாரும் அதனால்தான், பாவம், மறந்துவிட்டான் என்றார்கள். நான் மறக்கவில்லை. அன்று காலை மாப்பிள்ளை கீழே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, நான் முதலில் மேலே போய் அதைச் சொருகினேன். முந்தின நாள் ராத்திரி நான் ஆடவே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

அவர்தான் பட்டனைத் தொடுவதில்லையே, பிறகு எதற்கு ஜம்பர் என்று கேட்பீர்கள். பயந்தால் தொடுவார். அதை யோசித்துத்தான் வைத்தேன். அவரை ஒன்றும் செய்ய வேண்டும் என்று இல்லை. விழுந்து கிடக்கும்போது கூட்டாளி திரும்பிப் பார்க்காவிட்டால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியட்டும் என்றுதான்.

பழைய அலுவலகக் கட்டடம் அது. லிப்ட் உச்சிக்குப் போனால் தானாக நின்றுவிடும், அதற்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் அங்கே லிப்டின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கருவிப்பெட்டி வைக்கத்தான் இடம். எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும். போன தடவை வந்தபோது மாப்பிள்ளையே சொன்னார், இந்த இடத்தில் மட்டும் விளையாடக் கூடாது என்று.

அவர் ஏறி நின்று, ஒரு மாடி மேலே என்றார். விட்டேன். பராமரிப்பு வேகம்தான், மெதுவாக நடப்பதைவிட மெதுவாக. நிறுத்து என்றார். நான் நிறுத்தவில்லை. "ஏய் மூட்டை, தூங்கிட்டியா?" என்று சிரித்தார். சிரிப்பு வாக்கிடாக்கியில் கேட்டது, லிப்ட் ஓடுகிற குழிக்குள்ளிருந்து மேலே வந்து இன்னொரு தடவையும் கேட்டது. உச்சிக்கு இன்னும் சில மாடிகள் இருந்தன. பிறகு சிரிக்கவில்லை. பட்டனை அழுத்துகிற சத்தம் கேட்டது. மறுபடி மறுபடி அழுத்தினார்.

தங்கையிடம் நான் சொன்னது உண்மை இல்லை. அவர் பேசினார். நிறைய நேரம் பேசினார். பட்டன் வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகு அவர் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

"மச்சான்" என்றார். "மச்சான், நிறுத்துங்க. கேக்குதா மச்சான்?"

நீங்க என்றார். மோட்டாரை நிறுத்துகிற பட்டன் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் விரல் அதன் மேல்தான் இருந்தது, அழுத்தினால் போதும். ஆனால் எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயால் அப்படிக் கூப்பிட்டுக் கேட்கிறேன், சார். கேட்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.